பாரதியாரின் உரைநடைச் செல்வம்

சுப்பிரமணிய பாரதியார் என்றவுடன் அவர்தம் பாடல்களே நம் நினைவிற்கு வருகின்றன. விழாக்களிலும் வகுப்பறைகளிலும் அவற்றைப் பாடிப் பழகிவிட்டோம். ஆனால், அக்கவிஞர் தம் வாழ்நாளில் எழுதிக் குவித்தவற்றுள் பெரும்பகுதி உரைநடையே ஆகும். தலையங்கம், கதை, கட்டுரை, கடிதம், மொழிபெயர்ப்பு, நாட்குறிப்பு எனப் பலவாறாக அவர் எழுதினார். அவற்றுட் பல, எழுதியவர் பெயரின்றி வெளிவந்தன; சில புனைபெயர்களில் மறைந்து கிடந்தன; சில கையெழுத்துப் படியாகவே அழிந்தன. அவ்வுரைநடை பிறந்த வரலாற்றையும், அது சிதறிய வரலாற்றையும், பின்னர் அதனைத் தேடித் திரட்டிய வரலாற்றையும் இப்பாடத்திற் காண்போம்.

பாரதியார் 1882-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 11-ஆம் நாள் எட்டயபுரத்திற் பிறந்தார். பெற்றோர் சின்னசாமி ஐயர், இலக்குமி அம்மாள் என்போர். ஐந்தாம் வயதிலேயே அவர் அன்னையை இழந்தார். தந்தையார் கணக்கிலும் எந்திர நுட்பத்திலும் வல்லவர். கரிசல் மண்ணில் விளையும் பருத்தியை நம்பி அவர் எட்டயபுரத்தில் ஆலை ஒன்றை நிறுவினார். அக்காலத்தில் அஃது எளிய செயலன்று. எந்திரங்களைக் கடல் கடந்து வருவிக்க வேண்டும். பொருளுடைய வெள்ளையர் நிறுவனங்களோடு போட்டியிடவும் வேண்டும். திருப்பூர், ஈரோடு முதலிய ஊர்களில் வாழும் மாணவர்க்குப் பருத்தித் தொழிலின் ஏற்றமும் இறக்கமும் புதியன அல்ல. ஆலைச் சக்கரம் நின்றால் அடுப்பும் அவிந்துபோகும் வீடுகளை அவர்கள் அறிவர். சின்னசாமி ஐயரின் ஆலையும் அவ்வாறே நின்றது. கைப்பொருள் அனைத்தும் கரைந்தது. மனம் உடைந்த அவர் 1898-ஆம் ஆண்டு உயிர் நீத்தார். அப்பொழுது மகனுக்கு வயது பதினைந்து. முந்திய ஆண்டிலேயே செல்லம்மாளை மணந்திருந்தார். தந்தையின் வீழ்ச்சி பாரதியார் உள்ளத்தில் ஆறாத வடுவாயிற்று. பிற்காலத்தில் அவர் எழுதிய தன்வரலாற்றுப் பாடலில் அத்துயரைத் தனியே பேசுகிறார். சுதேசியத்தைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைகளிற் காணும் வெம்மைக்கும் அதுவே வித்து எனக் கருதுவது பொருந்தும்.

பதினொன்றாம் வயதில், எட்டயபுரம் அரண்மனையைச் சார்ந்த புலவர்கள் அவருக்குப் பாரதி என்னும் பட்டம் அளித்தனர். நெல்லை இந்துக் கல்லூரிப் பள்ளியில் அவர் சில ஆண்டுகள் பயின்றார். தந்தையார் மறைந்தபின், காசியில் இருந்த அத்தை குப்பம்மாள் அவரை அழைத்துக்கொண்டார். காசி வாழ்க்கை அவருக்கு வடமொழியையும் இந்தியையும் தந்தது. ஆங்கிலக் கவிஞர் ஷெல்லியின்பால் காதலையும் வளர்த்தது. அக்காலத்தில், 1901-ஆம் ஆண்டில், அவர் தம் மனைவியார்க்கு எழுதிய கடிதம் ஒன்று அச்சிற் கிடைக்கின்றது. தம்மைப் பற்றி வீணே கவலைப்படுதல் வேண்டா என்றும், அந்நேரத்தைத் தமிழ் கற்பதிற் செலவிடுதல் நன்று என்றும் அதில் அறிவுறுத்துகிறார். இளைஞர் ஒருவர், பெண் கல்வி அரிதாயிருந்த அந்நாளில், தம் இளமனைவிக்கு எழுதிய சொற்கள் அவை. அணிநலன் எதுவும் இல்லாத எளிய கடிதம். ஆயினும், பின்னாளில் நாடறிந்த பெண் விடுதலைக் கருத்து அதிலேயே முளைவிட்டிருக்கிறது.

காசியினின்றும் மீண்டு, சிறிது காலம் எட்டயபுரம் அரசரிடம் பணிபுரிந்தார். அரண்மனை வாழ்வு அவருக்கு ஒத்துவரவில்லை. 1904-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நவம்பர் வரை மதுரைச் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தற்காலிகத் தமிழாசிரியராக இருந்தார். அவ்வாண்டு ஜூலையில் மதுரை விவேகபாநு இதழில் அவருடைய பாடல் ஒன்று வெளிவந்தது. அச்சில் வந்த அவர் பாடல்களுள் அதுவே முதலாவதாகும்.

அவ்வாண்டு நவம்பரிலேயே அவர் வாழ்வில் பெரிய திருப்பம் நேர்ந்தது. சென்னையில் சுதேசமித்திரன் என்னும் நாளிதழை நடத்திவந்த ஜி. சுப்பிரமணிய ஐயர் அவரைத் துணையாசிரியராக அமர்த்திக்கொண்டார். சுதேசமித்திரன் 1882-இல் வார இதழாகத் தோன்றி, 1899-இல் நாளிதழாக வளர்ந்தது. அவ்விதழின் ஆசிரியர் அஞ்சாமைக்கும் கண்டிப்புக்கும் பெயர் பெற்றவர். பாரதியார்க்கு அங்கே கிடைத்த வேலை யாது? கவி பாடுதலா? அன்று. தந்தி வழியாக வந்த உலகச் செய்திகளையும், தலைவர்கள் ஆங்கிலத்தில் ஆற்றிய சொற்பொழிவுகளையும் அன்றன்றே தமிழாக்கித் தருவதே அவருடைய பணி.

இப்பணி எத்தகையது என்பதைச் சிறிது எண்ணிப் பார்த்தல் வேண்டும். அந்நாளைய தமிழ் உரைநடை பெரும்பாலும் இருவகையாய் இருந்தது. ஒருவகை, செய்யுளை உடைத்து எழுதினாற்போன்ற புலவர் நடை. ஒரு வாக்கியம் ஒரு பக்கம் வரை நீளும். வினைமுற்றைத் தேடிக் கண் சலிக்கும். மற்றொருவகை, வடசொல்லும் ஆங்கிலச் சொல்லும் மிகுதியாக விரவிய கச்சேரி நடை. இவ்விரண்டும் நாளிதழுக்கு ஒத்துவாரா. உருசிய ஜப்பானியப் போர்ச் செய்தியைப் படிக்க விழையும் கடைக்காரருக்கும், கிராமத்துக் கணக்குப்பிள்ளைக்கும், அதனைப் பிறர் படிக்கக் கேட்கும் எழுத்தறியாதவர்க்கும் விளங்குமாறு எழுதுதல் வேண்டும். அரசியல் கருத்துகள் பலவற்றிற்கு அப்பொழுது தமிழில் நிலைத்த சொற்களும் இல்லை. மாலைக்குள் அச்சுக்கோப்பவர் கையில் தாள் சேர்ந்தாக வேண்டும். சொல்லைத் தேடி உட்கார்ந்திருப்பதற்குப் பொழுது ஏது?

இந்நெருக்கடியே பாரதியாரின் நடையைக் கூர்மையாக்கியது. நீண்ட வாக்கியங்கள் துண்டாயின. மக்கள் நாவில் வழங்கும் சொற்கள் இதழில் ஏறின. ஆங்கிலக் கருத்திற்குத் தமிழ் மரபில் உருக்கொடுக்கும் பழக்கம் கைவந்தது. கேட்டவுடன் விளங்கும் சொல்லும், பேச்சின் ஓட்டமும், தயக்கமின்றி நேரே பொருளுக்குச் செல்லும் வேகமும் பிற்காலப் பாடல்களின் சிறப்புகள் என்று நாம் போற்றுகிறோம். அவற்றை அவர் பயின்ற இடம் சுதேசமித்திரன் மேசையே ஆகும். அரண்மனையில் பெற்ற பட்டத்தினும் அச்சகத்தில் பெற்ற பயிற்சி அவருக்கு மிகுதியாகப் பயன்பட்டது என்று துணிந்து கூறலாம். ஆயினும், அம்மொழிபெயர்ப்புகளின் கீழ் அவர் பெயர் அச்சிடப்படவில்லை. நாளிதழ் மறுநாளே பழந்தாளாகிவிடும். கடையிற் பொட்டலம் கட்டவும் போகும். இளங்கவிஞரின் முதல் உரைநடை இவ்வாறே பெயரின்றிப் பிறந்து, பெரும்பாலும் பெயரின்றியே மறைந்தது.

1905-ஆம் ஆண்டு ஆகஸ்டில், பெண்கள் முன்னேற்றத்திற்கெனச் சக்கரவர்த்தினி என்னும் திங்களிதழ் சென்னையில் தோன்றியது. பாரதியார் அதன் ஆசிரியரானார். நாளிதழிற் பிறர் கருத்தை மொழிபெயர்த்தவருக்கு, தம் கருத்தைத் தம் போக்கில் எழுதும் வாய்ப்பு இங்கேதான் கிடைத்தது. அவ்விதழில், ஷெல்லியின் அடியார் எனப் பொருள்படும் ஷெல்லிதாசன் என்னும் புனைபெயரில், துளஸீபாயி என்னும் இராசபுத்திரப் பெண்ணின் கதையைத் தொடராக எழுதினார். கணவன் இறந்தமையால் உடன்கட்டை ஏற்றப்படவிருந்த ஓர் இளம்பெண்ணை முகம்மதிய வீரன் ஒருவன் மீட்பதும், அவர்கள் மணந்துகொள்வதும் அக்கதையின் பொருள். இளைஞர் ஒருவர், 1905-இல், பெண்கள் இதழில் இத்தகைய கதையை எழுதினார் என்பதை நினைத்தால் வியப்பே மேலிடுகிறது. கதைக்கட்டு இன்றைய அளவுகோலில் சிறிது தளர்ந்ததே, வருணனைகள் நீள்கின்றன, இடையிடையே ஆசிரியர் நின்று உபதேசிக்கிறார். எனினும் கருத்தில் சிறிதும் அச்சமில்லை.

அதே ஆண்டில் வங்காளம் பிரிக்கப்பட்டது. அயல்நாட்டுத் துணியை விலக்கும் கிளர்ச்சி நாடெங்கும் எழுந்தது. 1906-ஆம் ஆண்டு மே திங்களில் இந்தியா என்னும் வார இதழ் சென்னையில் தொடங்கப்பெற்றபோது, பாரதியாரின் எழுதுகோல் அதில் முழு விசையோடு இயங்கியது. படம் வரைந்து அரசியலை நகையாடும் கேலிச்சித்திர முறையைத் தமிழ் இதழுலகிற்குக் கொணர்ந்த பெருமை அவ்விதழைச் சாரும். எழுத்துக் கூட்டிப் படிக்க இயலாதவரும் படத்தைப் பார்த்துப் பொருளுணர்ந்தனர். 1907-ஆம் ஆண்டு இறுதியில் சூரத்தில் கூடிய காங்கிரசு மாநாட்டிற்குச் சென்றுவந்த செய்திகளை, எங்கள் காங்கிரஸ் யாத்திரை என்னும் சிறுநூலாகவும் எழுதினார். புகைவண்டிப் பயணத்தையும் மாநாட்டுக் குழப்பத்தையும், உடன் இருந்து பார்ப்பதுபோல் படிப்பவர் உணருமாறு எழுதிய நூல் அது.

அரசினர் வாளாவிருப்பாரா? 1908-இல் இந்தியா இதழின் பொறுப்பாசிரியராகப் பதிவு பெற்றிருந்தவர் கைது செய்யப்பட்டுத் தண்டனை பெற்றார். நண்பர்கள் வற்புறுத்தவே, பாரதியார் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குச் சென்றார். இந்தியா இதழும் அங்கிருந்து வெளிவரத் தொடங்கியது. அவ்விதழ் பிரிட்டிஷ் எல்லைக்குள் வருவதைத் தடுத்தமையால், 1910-ஆம் ஆண்டு மார்ச்சில் அது நின்றுபோயிற்று. விஜயா, கர்மயோகி முதலிய இதழ்களும் நெடுநாள் நிலைக்கவில்லை. அச்சகம் இல்லை, இதழ் இல்லை, வருவாயும் இல்லை. எழுதுவது மட்டும் நிற்கவில்லை. ஞானரதம் என்னும் கற்பனை உரைநடை நூலும், ஆறில் ஒரு பங்கு என்னும் கதையும் 1910-இல் அச்சேறின. மக்கள் தொகையில் ஆறில் ஒரு பங்கினரைத் தீண்டத்தகாதவர் என ஒதுக்கிய கொடுமையை எடுத்துரைத்த அக்கதையை அரசு தடைசெய்தது.

இதழ்கள் நின்றபின் எழுதியவை கையெழுத்துப் படிகளாகவே வீட்டில் தங்கின. அவற்றைக் காப்பது அரிய செயலாயிற்று. ஒற்றர்கள் இரவும் பகலும் அவர் வீட்டைக் கண்காணித்தனர். கடிதங்கள் இடையிற் பிரித்துப் பார்க்கப்பட்டன. அந்நிலையில் அவர் எழுதிய நகைச்சுவைக் கதையே சின்னச் சங்கரன் கதை. கவுண்டனூர் என்னும் கற்பனை ஊர். அங்கே ஒரு ஜமீன்தார். அவரைச் சூழ்ந்து புகழ்ந்து வயிறு வளர்க்கும் புலவர் கூட்டம். அக்கூட்டத்திடையே, இளம் வயதிலேயே கவி பாடிப் பெயர்பெற விழையும் சங்கரன் என்னும் சிறுவன். அச்சிறுவன் யார் என்பதை அறிவதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை. எட்டயபுரத்துச் சிறுவன் சுப்பையாவையே, வளர்ந்த பாரதியார் எள்ளி நகையாடுகிறார். தம் இளமைப் பருவத்தைப் பார்த்துத் தாமே சிரிக்கும் ஆற்றல் எல்லா எழுத்தாளர்க்கும் வாய்ப்பதன்று.

அவர் அத்தியாயம் அத்தியாயமாக எழுதி நண்பர்கட்குப் படித்துக் காட்டுவார். கேட்டோர் வயிறு குலுங்கச் சிரிப்பர். அக்கையெழுத்துப் படி ஒருநாள் காணாமற் போயிற்று. அது களவு போயிற்று என்று, உடனிருந்து பழகிய வ. ராமசாமி தாம் எழுதிய பாரதியார் வரலாற்றிற் குறித்துள்ளார். அக்காலத்தில் எழுதியதற்கு வேறு படி எடுத்து வைப்பது எளிதன்று. மீண்டும் முழுவதையும் கையால் எழுத வேண்டும். வறுமையில் வாடிய குடும்பத்தில் தாளும் மையும்கூட விலையுயர்ந்த பொருள்களே. ஒரு படி போனால் நூலே போனதுதான். பின்னர்ச் சில அத்தியாயங்கள் ஞானபாநு இதழில் சாவித்திரி என்னும் புனைபெயரில் வெளிவந்தன. அவையே இன்று நமக்குக் கிடைப்பவை. கதை நடுவழியில் நின்றுவிடுகிறது. பாடலை இழந்தால் மனப்பாடமாக இருப்பதைக்கொண்டு ஒருவாறு மீட்கலாம். உரைநடையை அவ்வாறு மீட்க இயலாது.

1918-ஆம் ஆண்டு நவம்பரில் பாரதியார் புதுச்சேரியை விட்டுப் புறப்பட்டார். எல்லையில் கைது செய்யப்பட்டுக் கடலூர்ச் சிறையில் சில வாரங்கள் இருந்து விடுதலை பெற்றார். பின்னர் மனைவியின் ஊராகிய கடையத்தில் வாழ்ந்தார். அங்கிருந்து 1920-ஆம் ஆண்டில் அவர் நண்பர்கட்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். புதுச்சேரியில் வாழ்ந்த ஆண்டுகளில் தாம் எழுதிச் சேர்த்த கையெழுத்துப் படிகள் அனைத்தையும் 40 நூல்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் 10,000 படிகள் அச்சிட வேண்டும் என்பது அவருடைய திட்டம். அதற்குத் தொடக்கத்தில் 20,000 ரூபாய் தேவைப்படும் என்றும், அன்பர்கள் கடனாக உதவினால் வட்டியோடு திருப்பித் தரப்படும் என்றும் கணக்கிட்டிருந்தார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் எல்லா வீடுகளிலும் இருப்பதுபோல் தம் நூல்களும் இருத்தல் வேண்டும் என்று அவர் விரும்பினார். மாளிகைகளில் மட்டும் நூல்கள் கிடந்த காலத்தில், இவ்வாறு எண்ணியவர் அவர். ஆனால், பொருள் வரவில்லை. படிகள் பெட்டியிலேயே கிடந்தன.

அவ்வாண்டின் இறுதியில் அவர் மீண்டும் சுதேசமித்திரனிற் சேர்ந்தார். பதினாறு ஆண்டுகட்கு முன் மொழிபெயர்ப்பாளராக நுழைந்த அதே இதழில், இப்பொழுது தம் பெயரால் அறியப்பட்ட எழுத்தாளராக அமர்ந்தார். 1921-ஆம் ஆண்டில் திருவல்லிக்கேணிக் கோயில் யானையால் தள்ளப்பட்டுக் காயமுற்றார். உடல் தேறியபின், ஜூலைத் திங்கள் இறுதியில் கொங்கு நாட்டிற்கு வந்தார். ஈரோட்டில், காவிரிக் கரையிலுள்ள கருங்கல்பாளையத்தின் வாசகசாலை ஆண்டு விழாவிற் பேசுமாறு வழக்கறிஞர் தங்கப்பெருமாள் பிள்ளை அவரை அழைத்திருந்தார். மனிதன் சாவை வெல்லக்கூடும் என்னும் பொருள்பற்றி அங்குப் பேசினார். அவர் ஆற்றிய இறுதிச் சொற்பொழிவுகளுள் அதுவும் ஒன்று. சென்னைக்கு மீண்டதும் அப்பயணத்தைக் குறித்துச் சுதேசமித்திரனில் ஒரு கட்டுரை எழுதினார். ஆகஸ்டு முதல் வாரத்தில் அது வெளிவந்தது. நோயும் வறுமையும் சூழ்ந்திருந்த வேளையிலும் அக்கட்டுரையில் நகைச்சுவை குன்றவில்லை. இளமையிற் கைவந்த எளிய நடை இறுதிவரை அவரை விட்டு நீங்கவில்லை என்பதற்கு இக்கொங்கு நாட்டுப் பயணக் கட்டுரையே சான்றாகும். ஆறு வாரங்கள் கழிந்தபின், செப்டம்பர் 11-ஆம் நாள் இரவு கழிந்து 12-ஆம் நாள் பிறந்த சிறிது நேரத்தில், அவர் உயிர் பிரிந்தது. அப்பொழுது அவருக்கு முப்பத்தெட்டு வயதே நிறைந்திருந்தது.

அவர் மறைந்தபின் செல்லம்மாளும், பின்னர்த் தம்பி விசுவநாதனும் நண்பர்களும் கைவசம் இருந்த படிகளைக் கொண்டு நூல்களை வெளியிட்டனர். 1949-இல் சென்னை அரசு அவர் நூல்களின் உரிமையைப் பெற்றது. பின்னர் அவ்வுரிமை மக்கள் அனைவர்க்கும் பொதுவாக்கப்பட்டது. எவரும் அச்சிடலாம் என்னும் நிலை வந்தது. ஆனால், அச்சிடுவதற்கு எழுத்து கையில் இருத்தல் வேண்டுமே! பழைய இதழ்களில் பெயரின்றிக் கிடந்தவற்றை யார் தேடுவது?

இப்பணியை மேற்கொண்டவர்களுள் கொங்கு நாட்டவர் ஒருவர் முன்னிற்கிறார். ஈரோட்டையடுத்த மொடக்குறிச்சிப் பகுதியிலுள்ள மஞ்சக்காட்டுவலசில் 1908-ஆம் ஆண்டு பிறந்த பெ. தூரனே அவர். தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் முதன்மைப் பதிப்பாசிரியராகப் புகழ்பெற்ற தூரன், அதற்கு முன் பள்ளியாசிரியராக இருந்தவர். அவர் சுதேசமித்திரனின் பழைய தொகுதிகளைத் தேடிப் படித்து, பாரதியார் எழுத்துகளைக் கையால் படியெடுத்தார். ஒளிப்படக் கருவி எளிதிற் கிடைக்காத காலம் அது. பழுப்பேறிய தாள் தொட்டால் நொறுங்கும், எழுத்து மங்கியிருக்கும். ஒவ்வொரு வரியையும் பார்த்துப் பார்த்து எழுத வேண்டும். அவ்வாறு திரட்டியவற்றை நாள் வரிசைப்படி அமைத்து, பாரதி தமிழ் என்னும் பெயரில் 1953-ஆம் ஆண்டில் வெளியிட்டார். எந்நாளில் எது எழுதப்பட்டது என்று தெரிந்தபோதுதான், இளம் மொழிபெயர்ப்பாளர் படிப்படியாக எவ்வாறு பெருங்கவிஞராக வளர்ந்தார் என்பது விளங்கலாயிற்று.

தூரனுக்கு முன்னும் பின்னும் பலர் இவ்வழியில் நடந்தனர். ரா. அ. பத்மநாபன் படங்களையும் கடிதங்களையும் அரிய கட்டுரைகளையும் திரட்டினார். இளசை மணியன் இந்தியா இதழ்க் கட்டுரைகளைத் தொகுத்தார். ஆ. இரா. வேங்கடாசலபதி விஜயா இதழில் வெளிவந்தவற்றைக் கண்டெடுத்து நூலாக்கினார். சீனி. விசுவநாதன் தம் வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவிட்டு, பாரதியாரின் படைப்புகள் அனைத்தையும் கால வரிசைப்படுத்தினார். 2024-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள், கவிஞரின் பிறந்தநாளன்று, அத்தொகுப்பு 23 தொகுதிகளாக வெளியிடப்பெற்றது. கடையத்திலிருந்து பாரதியார் சுற்றறிக்கை அனுப்பி நூற்று நான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன. துளஸீபாயியின் கதையும், சூரத்துப் பயணமும், ஈரோட்டுக் கட்டுரையும் இன்று நம் கைக்கு எட்டுகின்றன. சின்னச் சங்கரனின் கதை மட்டும், களவுக்குப்பின் எஞ்சிய சில அத்தியாயங்களோடு நிற்கிறது.